மாதிரி ரயில் தளத்தில் சாலை: கறுப்புப் பட்டை ஏன் சாலையாகத் தெரிவதில்லை?

பலகைமேல் குட்டி ரயிலும் ஊருமாக மாதிரி ரயில் தளம் அமைக்கத் தொடங்குகிறவர்கள் எஞ்சினைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் யோசிப்பார்கள். தண்டவாள வரைபடத்தைத் திரும்பத் திரும்ப அழித்துப் போடுவார்கள். சாலை என்று வந்ததும், "அதுக்கென்ன, உப்புத்தாளை வெட்டி ஒட்டு, கறுப்பு அடி, நடுவுல வெள்ளைக் கோடு போடு" என்று ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடும். இந்த ஆலோசனை ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்டு எங்கும் பரவியிருக்கிறது. அதன்படி செய்த சாலையைப் பாருங்கள். அருமையான நிலையக் கட்டடமும் நுணுக்கமான எஞ்சினும் நிஜமாகத் தெரிய, சாலை மட்டும் பொம்மையாகத் தெரியும்.

செய்தவருடைய கைத்திறனில் குறை சொல்ல முடியாது. எதைச் சிறிதாக்குகிறோம் என்ற இடத்திலேயே குழப்பம் தொடங்குகிறது. நம் காலடியில் பார்த்த தார்ப் பரப்பை மனதில் வைத்துக்கொண்டு அதைச் சிறிதாக்கப் பார்க்கிறோம். ஆனால் தளத்தின் முன் நிற்கும்போது, அந்தக் குட்டி உலகத்தின் கணக்கில் நாம் மிகத் தொலைவில் நிற்கிறோம். அவ்வளவு தொலைவிலிருந்து சாலை எப்படித் தெரியுமோ அதைத்தான் செய்ய வேண்டும். நிறம், சொரசொரப்பு, அகலம், கோடு எல்லாவற்றுக்கும் விடை இந்த ஒரு கருத்திலிருந்தே கிடைக்கும்.

விளக்கத்துக்கு ஓர் இடமும் காலமும் தேவை. 1960களின் இங்கிலாந்துச் சிற்றூர் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். நீராவி எஞ்சினும் டீசல் எஞ்சினும் ஒரே பாதையில் ஓடிய காலம் அது.

## ஸ்கேல் வேறு, கேஜ் வேறு

நிஜப் பொருளை எத்தனை மடங்கு சிறிதாக்குகிறோம் என்ற விகிதம்தான் ஸ்கேல். 1:148 என்றால் நிஜத்தின் 148 மீட்டர் தளத்தில் 1 மீட்டர். இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் கேஜ். பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். சாலை போடுகிறவருக்கு அந்தப் பழக்கம் ஆகாது.

காரணம் இது. மாதிரி ரயில்களின் சிறிய வகைகளில் ஒன்று 'என்'. இங்கே நான் கணக்கிடும் பிரிட்டிஷ் 'என்' வகையில் கேஜ் 9 மி.மீ. நிஜ ரயிலில் அது 1,435 மி.மீ. ஒன்றை ஒன்றால் வகுத்தால் ஏறத்தாழ 160 வருகிறது. ஐரோப்பிய 'என்' வகையின் ஸ்கேலும் 1:160தான். ஆனால் பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஐரோப்பியக் கண்டத்து எஞ்சின்களைவிட ஒடுக்கமானவை. 1:160ல் செய்தால் அன்றைய மோட்டார் உள்ளே அடங்காது என்பதால் உடலை மட்டும் 1:148க்குப் பெரிதாக்கினார்கள். தண்டவாளம் 9 மி.மீட்டரிலேயே நின்றுவிட்டது. 1:76 உடலும் 16.5 மி.மீ. கேஜும் கொண்ட 'டபுள் ஓ' வகை உருவானதும் இப்படித்தான்.

ஆகவே சாலை, வீடு, மனிதர், பேருந்து எல்லாம் உடலின் ஸ்கேலான 1:148ஐப் பின்பற்ற வேண்டும். நிஜ அளவை மி.மீட்டரில் எழுதி 148ஆல் வகுத்தால் போதும். 1:160ல் வரும் ஜெர்மன் கார் பொம்மைகளை இதில் கலந்தால் அவை ஏழெட்டு விழுக்காடு சிறியதாக இருக்கும். தளத்தின் பின்பகுதியில் நிறுத்தினால் தொலைவில் நிற்பதுபோலத் தோன்றி நன்மையே செய்யும். முன்பகுதியில் 1:148 பேருந்தின் பக்கத்தில் நிறுத்தினால், சாலையின் அகலமே தப்போ என்ற ஐயத்தைப் பார்ப்பவருக்குக் கிளப்பிவிடும்.

## உச்சிப் பிள்ளையார் கோயிலிலிருந்து பார்த்தால்

திருச்சி மலைக்கோட்டை ஏறக்குறைய 83 மீட்டர் உயரம். உச்சிப் பிள்ளையார் கோயில் வாசலில் நின்று கீழே பார்த்தவர்கள் நினைத்துப் பாருங்கள். ஆட்டோ தெரியும், பேருந்து தெரியும், ஆள் நடமாட்டமும் தெரியும். சாலை ஒரு சாம்பல் நிறப் பட்டையாகத் தெரியும். இங்கே கொஞ்சம் வெளிறியிருக்கும், அங்கே கொஞ்சம் கறுத்திருக்கும். அதிலுள்ள ஜல்லியில் ஒரு கல்கூடக் கண்ணுக்குப் படாது.

இப்போது தளத்துக்கு வருவோம். நாம் சாதாரணமாக 60 செ.மீ. தள்ளி நின்று பார்க்கிறோம். அதை 148ஆல் பெருக்கினால் 89 மீட்டர். கிட்டத்தட்ட மலைக்கோட்டை உச்சியின் தொலைவு. தளத்தின் பின்பகுதி 1.2 மீட்டர் தள்ளியிருந்தால், அங்கே ஓடும் சாலை 178 மீட்டர் தொலைவில் இருக்கிறது.

இதற்குப் பின்னால் கண்ணின் ஓர் எல்லை இருக்கிறது. நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியைப் பிரித்தறியாது. 60 செ.மீ. தொலைவில் அந்த எல்லை 0.17 மி.மீ. அதை நிஜ அளவுக்குப் பெருக்கினால் 26 மி.மீ. வருகிறது. சாலையின் மேற்பரப்பில் போடும் ஜல்லி பெரும்பாலும் 6 முதல் 14 மி.மீ. வரைதான். அதாவது ஸ்கேல்படி சரியாகச் செய்த ஜல்லி நம் கண்ணுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அது அளவு மீறியது.

உப்புத்தாளில் சிக்கல் வருவது இதனால்தான். உப்புத்தாளின் எண் ஏற ஏற அதன் மணல் பொடியாகும். 80ஆம் எண் தாளில் ஒரு மணி ஏறக்குறைய 0.2 மி.மீ. அதை 148ஆல் பெருக்கினால் 30 மி.மீ. கல். ஜல்லி கொட்டித் தார் ஊற்றாமல் விட்ட சாலை அது! 180ஆம் எண் தாளில் மணி 0.08 மி.மீ.; நிஜத்தில் 12 மி.மீ. கல்லுக்குச் சமம். கணக்கு அங்கே ஒத்துவருகிறது. ஆனால் அதன்மேல் இரண்டு பூச்சு பெயின்ட் ஏறியதும் சொரசொரப்பு பெரும்பாலும் மூடிப்போகும், கண்ணும் அதைப் பிரித்தறியாது. பிறகு உப்புத்தாள் எதற்கு? என் கருத்தில் 'என்' ஸ்கேலுக்கு அது தேவையே இல்லை. வழவழப்பான கெட்டி அட்டை போதும். கிராமத்துச் சந்துக்குச் சுவருக்குப் பூசும் பட்டியை மெல்லப் பூசித் தேய்த்தால், அட்டையால் வராத இயல்பான ஏற்ற இறக்கம் வரும். 1:76ல் மட்டும், முன்வரிசைச் சாலைக்கு 240ஆம் எண் தாளோ அதைவிடப் பொடியானதோ ஏற்கலாம்.

இன்னொரு நடைமுறைச் செய்தி. உப்புத்தாள் குறிப்பிட்ட நீளத்தில்தான் வரும், ஒட்டுப் போட்டே ஆகவேண்டும். அந்த ஒட்டு ஒரு நேர்க்கோடாக எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் மேலே எழுந்து தெரியும்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது: சாலைக்கும் 1:148தான், நாம் 90 மீட்டர் தொலைவில் நிற்கிறோம், அங்கிருந்து கல் தெரியாது. கல் தெரியாவிட்டால் வேறு எதை வைத்து அது சாலை என்று கண் கண்டுகொள்கிறது? நிறத்தின் ஏற்ற இறக்கத்தையும் சாலையின் வடிவத்தையும் வைத்துத்தான்.

## கறுப்பு எங்கே போகிறது?

தார் கறுப்பு. தார்ச் சாலை அவ்வளவு கறுப்பு இல்லை. புதிதாகப் போட்ட சாலையில் ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய தார்ப் படலம் இருக்கும். டயர்கள் உரச உரசக் கல்லின் தலையிலுள்ள படலம் தேய்ந்து கல்லின் சொந்த நிறம் வெளியே வரும். எஞ்சிய தாரும் வெயிலிலும் காற்றிலும் வெளுத்துச் சாம்பல் பூக்கும். புதுச் சாலை தன்மேல் விழும் ஒளியில் சுமார் 5 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். வெளுத்த பழைய சாலை 10 முதல் 15 விழுக்காடு வரை அனுப்பும். இரண்டு மூன்று மடங்கு வெளிச்சம் என்பது கண்ணுக்குப் பெரிய வேறுபாடு.

கல்லின் நிறம் ஊருக்கு ஊர் மாறும். லெஸ்டர்ஷரில் உள்ள மவுன்ட்சாரல் குவாரியின் கருங்கல் இளஞ்சிவப்பு. அந்தக் கல்லைப் போட்ட சாலை தேய்ந்தால் சாம்பலில் ஒரு செம்மை கலந்திருக்கும். சுண்ணாம்புக்கல் போட்ட சாலை வெளிறிப்போகும். நீங்கள் செய்யும் ஊர் எதுவோ அந்தப் பகுதியின் வண்ணப் புகைப்படங்களைத் தேடி, சாலையின் நிறத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். கடைப் பெட்டியின்மேல் 'தார்ச் சாலை நிறம்' என்று எழுதியிருப்பதைவிட அது நம்பகமானது.

காலமும் பார்க்க வேண்டும். தாரோடு இரும்பு உலைக் கசடைக் கலந்து சாலை போடும் முறைக்கு எட்கர் பர்னெல் ஹூலி என்ற பிரிட்டிஷ் பொறியாளர் காப்புரிமை பெற்றது 1902ல். அதன்பிறகும் சிறு சாலைகளுக்கெல்லாம் தார் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. தார் வருமுன் சாலையின் நிறம் அந்த மண்ணின் நிறம்தான். தென் இங்கிலாந்தின் வெண்சுண்ணப் பகுதிகளில் சாலைகள் வெளேரென்றே இருந்தன. ஆகவே 1920களின் கிராமத்தைச் செய்துவிட்டு நடுவே கறுப்புச் சாலை ஓடவிட்டால், வீட்டுக் கூரையில் காட்டிய உழைப்பெல்லாம் வீண்.

இத்தோடு அறையின் வெளிச்சமும் சேர்கிறது. வெயிலில் தரைமேல் விழும் ஒளி 1,00,000 லக்ஸ் அளவுக்கு இருக்கும். லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு. வீட்டு அறையில் 300, 400 லக்ஸ் இருந்தாலே நல்ல விளக்கு. குறைந்த வெளிச்சத்தில் அடர்நிறங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு நம் கண்ணுக்கு மங்கிவிடும். கருஞ்சாம்பல், கரும்பழுப்பு, கறுப்பு மூன்றும் ஒரே இருட்டாகத் தெரியும். வெளியே பார்க்கும் அதே நிறத்தைத் துல்லியமாகக் கலந்து அடித்தாலும் அறைக்குள் அது கறுத்துத் தெரிவதற்குக் காரணம் இது. இடையிலுள்ள காற்று வெளிறச் செய்கிறது என்று இதற்குச் சிலர் விளக்கம் சொல்வார்கள். தெளிந்த வானிலையில் 90 மீட்டருக்குள் காற்றால் அவ்வளவு மாற்றம் வராது. விளக்குத்தான் காரணம். அதனால் தளம் இருக்கும் அறையில், தளத்துக்குமேல் எரியும் அதே விளக்கின்கீழ் வைத்துத்தான் நிறம் கலக்க வேண்டும்.

கலப்பது எளிது. வெள்ளையில் கொஞ்சம் மண்பழுப்பும் சொட்டுக் கறுப்பும் சேர்த்து நடுத்தரச் சாம்பலில் தொடங்குங்கள். பழுப்பு சேராத சாம்பலில் நீலம் தட்டும், உலோகத் தகடுபோல ஆகிவிடும். கலந்ததை ஒரு துண்டு அட்டையில் அடித்துக் காயவிட்டு, தளத்தில் வைத்து, கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். சாலைத் துண்டு ஓட்டுக் கூரையைவிடவும் ரயில் கட்டைகளைவிடவும் வெளிச்சமாகத் தெரிந்தால் சரி. இருட்டாகத் தெரிந்தால் இன்னும் வெள்ளை சேருங்கள். வண்ணங்கள் ஒதுங்கி வெளிச்ச அளவு மட்டும் படத்தில் நிற்பதால், கண் ஏமாறும் இடத்தில் இந்தச் சோதனை ஏமாறாது.

## ஒரே நிறம் என்று ஒன்று கிடையாது

அடிநிறம் சரியானாலும், முழுச் சாலையும் அந்த ஒரே நிறத்தில் இருந்தால் அது தரைவிரிப்பாகத்தான் தெரியும். சாலையில் நிறம் மாறும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் தூரிகை எங்கே போக வேண்டும் என்பதும் தெரியும்.

வண்டியின் எண்ணெய் சொட்டுவது இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே. எனவே ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் மெல்லிய கருமை ஓடும். வண்டிகள் நின்று கிளம்பும் சந்திப்பிலும் பேருந்து நிறுத்தத்திலும் லெவல் கிராசிங் கதவுக்கு முன்னாலும் அது அடர்ந்திருக்கும். 1960களின் வண்டிகள் இன்றைய வண்டிகளைவிட அதிகம் ஒழுகியவை. அந்தக் காலத்துச் சாலையில் இந்தக் கருமையைத் தயங்காமல் காட்டலாம். டயர் ஓடும் தடங்களில் பரப்பு தேய்ந்திருக்கும். டயர் படாத ஓரங்களில் தூசியும் மணலும் ஒதுங்கி வெளிறியிருக்கும். வயல் வாசலில் டிராக்டர் இறங்கும் இடத்தில் மண் நிறம் சாலைக்குள் சில மீட்டர் வரை இழுபட்டு வந்து கரைந்துபோகும்.

அடுத்து ஒட்டுப்போட்ட இடங்கள். தண்ணீர்க் குழாய்க்கோ கேஸ் குழாய்க்கோ தோண்டி மூடிய பள்ளங்கள் நீள்சதுரமாக, புதுத் தார் என்பதால் சுற்றுப்புறத்தைவிட அடர்நிறத்தில் இருக்கும். அவை ஒரு வீட்டு வாசலிலிருந்து சாலை நடுவரை போகும், அல்லது சாலையோடு நீளமாக ஓடும். எங்கிருந்து எங்கே என்று இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெளித்தால் பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தும், ஏன் என்று சொல்லத் தெரியாது. சிறிய தளத்துக்கு இரண்டு மூன்று ஒட்டுகளே நிறைவு.

இதையெல்லாம் அடிக்க வாஷ் உதவும். நிறைய தண்ணீரில் சிறிதளவு பெயின்ட் கரைத்த கலங்கல்தான் வாஷ். ஓரிரு முறை மெல்லத் தடவி, உலர்ந்ததும் மேலே சாக்பீஸ் தூளை மென்மையான தூரிகையால் நீளவாக்கில், வண்டி ஓடும் திசையில், தேயுங்கள். குறுக்கே தேய்த்த கோடு எதுவும் சாலையில் இயல்பாக வராது.

பளபளப்பு அறவே கூடாது. மின்னும் பரப்பில் அறை விளக்கின் பிம்பம் விழும். அந்தப் பிம்பத்தைப் பார்த்த நொடியில் கண் உண்மையான அளவைக் கண்டுபிடித்துவிடும். மேட் வகை அக்ரிலிக் பெயின்ட் எடுங்கள். போதவில்லை என்றால் பெயின்டில் கொஞ்சம் முகப் பவுடர் கலந்தால் மினுமினுப்பு அடங்கும்.

சுருக்கமாக: நடுத்தரச் சாம்பல் அடிநிறம், அதில் பழுப்பின் சாயல், நடுவில் எண்ணெய்க் கருமை, ஓரத்தில் தூசி வெளுப்பு, காரணத்தோடு சில ஒட்டுகள், எங்கும் பளபளப்பு இல்லை.

## தண்ணீர் வடிய வேண்டும்

சாலை தட்டையானது அல்ல. மழைநீர் தேங்காமல் வடிய, நடுவில் உயர்த்தி இருபுறமும் சரிய விடுவார்கள். இந்தச் சரிவுக்குக் கேம்பர் என்று பெயர். பிரிட்டனில் வழக்கமான கேம்பர் 40க்கு 1, அதாவது 40 மி.மீ. தள்ளிப்போனால் 1 மி.மீ. இறங்கும். பழைய சாலைகளில் இதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். 7.3 மீட்டர் அகலச் சாலையில் நடுப்பகுதி ஓரத்தைவிட 91 மி.மீ. உயர்ந்திருக்கும். 1:148ல் அது 0.6 மி.மீ.

அரை மில்லிமீட்டரால் என்ன தெரிந்துவிடப் போகிறது என்று தோன்றும். உயரமாகத் தெரியாதுதான். ஆனால் சாலையின் இரண்டு பாதிகளும் விளக்கை வெவ்வேறு கோணத்தில் வாங்குவதால், ஒரு பாதி மற்றதைவிட மயிரிழை வெளிச்சமாகத் தெரியும். ஓரத்தில் நிறுத்திய பேருந்து நடைபாதைப் பக்கம் லேசாகச் சாயும். இந்த இரண்டையும் கண் கவனித்துவிடுகிறது. செய்யும் முறையோ மிக எளிது: சாலையின் நடுக்கோடு வரும் இடத்தில் அரை மி.மீ. கனமுள்ள அட்டையை 3 மி.மீ. அகலத்தில் கீற்றாக வெட்டி ஒட்டி, அதன்மேல் சாலை அட்டையை விரித்து இரண்டு ஓரத்தையும் பலகையோடு அழுத்தி ஒட்டுங்கள். இவ்வளவு குறைந்த உழைப்புக்கு இவ்வளவு பலன் தருவது இந்தப் பொழுதுபோக்கில் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கேம்பர் வந்ததும் மற்றவை தாமாக இடம் பிடிக்கும். தண்ணீர் ஓரத்துக்குத்தான் ஓடும். ஆகவே வடிகால் சல்லடை நடைபாதையின் விளிம்புக்கல்லை ஒட்டியே இருக்கும். 3 மி.மீ. நீளமுள்ள கருஞ்செவ்வகம் வரைந்தால் போதும். பாதாளச் சாக்கடை மூடி 4 மி.மீ. வட்டம், அது சாலையின் நடுவிலும் வரலாம். விளிம்புக்கல் சாலையிலிருந்து 100 முதல் 125 மி.மீ. வரைதான் உயர்ந்து நிற்கும், அதாவது 1:148ல் 0.7 முதல் 0.8 மி.மீ. கடையில் கிடைக்கும் நடைபாதை அட்டைகளில் பல 2 மி.மீ. கனம். அப்படியே ஒட்டினால் அங்குள்ள குட்டி மனிதர் முழங்காலை மடக்கித்தான் ஏற வேண்டும்.

## அகலமும் திருப்பமும்

பிரிட்டிஷ் வடிவமைப்புக் கையேடுகள் தரும் எண்கள் இங்கே நேராக உதவும். இரண்டு கார்கள் எதிரெதிரே கடக்க 4.1 மீட்டர் போதும். தளத்தில் 28 மி.மீ. இரண்டு லாரிகள் கடக்க 5.5 மீட்டர், தளத்தில் 37 மி.மீ. இருவழி முக்கியச் சாலைக்கு 7.3 மீட்டர், 49 மி.மீ. இடம் போதாவிட்டால் 49 மி.மீ. சாலையை நெருக்கிக் குறைக்க வேண்டாம். அதற்குப் பதிலாக, அந்த ஊருக்கு 28 மி.மீ. சாலையே உரியது என்று முடிவுசெய்து அதை நேர்மையாகச் செய்யலாம். இங்கிலாந்தின் கிராமச் சாலைகள் உண்மையிலேயே அவ்வளவு ஒடுக்கமானவை.

பலரும் கோட்டைவிடுவது திருப்பத்தில். ஒரு தெரு இன்னொன்றில் சேரும் மூலையைக் கத்தரியால் வெட்டியதுபோல் செங்கோணமாக விட்டுவிடுகிறார்கள். அந்த மூலையில் எந்த வண்டியும் திரும்ப முடியாது. சிறு தெருச் சந்திப்பில்கூட விளிம்புக்கல் 6 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பும். தளத்தில் 40 மி.மீ. ஆரம். காகிதத்தில் வரைந்து பேருந்து ஒன்றை வைத்து நகர்த்திப் பார்த்த பிறகு அட்டையை வெட்டுங்கள்.

## ரயிலுக்கு முன்பே வந்தது சாலை

தளத்தில் நாம் தண்டவாளத்தை முதலில் போடுகிறோம். மீந்த இடத்தில் சாலையை நுழைக்கிறோம். வரலாற்றில் நடந்தது தலைகீழ். பெரும்பாலான ஊர்களில் சாலை நூற்றாண்டுகளாக இருந்தது, ரயில் வந்து அதை வெட்டிக்கொண்டு போனது. பலகையின் விளிம்புக்கு இணையாக, ரயிலுக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கி ஓடும் சாலை செயற்கையாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். முதலில் சாலையை, அது போகும் ஊரையும் ஆற்றையும் நினைத்து, பென்சிலால் வரையுங்கள். பிறகு ரயிலை அதன் குறுக்கே விடுங்கள்.

குறுக்கிடும் இடத்தில் பாலம் என்றால், சாய்வாகக் கடக்கும் பாலம் கட்டச் செலவு கூடும். அதனால் ரயில் கம்பெனிகள் பல இடங்களில் சாலையை வளைத்து, தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்கவிட்டு, மறுபுறம் பழைய போக்குக்குத் திருப்பிவிட்டன. பாலத்துக்கு இருபுறமும் வரும் அந்த இரட்டை வளைவு இங்கிலாந்து நாட்டுப்புறத்தின் அடையாளம். சிறிய தளத்துக்கு அது ஒரு வரமும்கூட: சாலை எங்கே போகிறது என்பதை வளைவு மறைத்துவிடும்.

ஏற்றத்துக்கும் சட்டம் இருந்தது. ரயில் கம்பெனிகளுக்கான 1845ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாலத்துக்கு ஏறும் சாதாரணப் பொதுச் சாலையின் சரிவு 20க்கு 1 என்ற அளவை மீறக் கூடாது. சுங்கச் சாலைக்கு 30க்கு 1. 'என்' ஸ்கேலில் தண்டவாளத்திலிருந்து பாலத்தின் மேற்பரப்பு வரை 40 மி.மீ. வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 20க்கு 1 சரிவில் ஏற 80 செ.மீ. தேவை. இறங்க இன்னொரு 80. அவ்வளவு இடம் யாருக்கு இருக்கிறது? 10க்கு 1 என்று செங்குத்தாக்குகிறார்கள், சாலை சறுக்குமரம் ஆகிவிடுகிறது. சாலையை ஏற்றுவதைவிட ரயிலை இறக்குவது நல்லது. சுற்றுத் தரையை 25 மி.மீ. உயர்த்தி ரயிலை வெட்டுப்பள்ளத்தில் ஓடவிட்டால், சாலை ஏற வேண்டியது 15 மி.மீ. மட்டும். 30 செ.மீட்டரில் சட்டப்படியான சரிவே கிடைத்துவிடும். நிஜ ரயில்பாதைகளும் மேடு வரும் இடங்களில் இப்படி வெட்டுப்பள்ளத்தில்தான் போகின்றன.

## கோடு போடும் முன்

5.5 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள சாலையில் பிரிட்டனில் பொதுவாக நடுக்கோடு போடுவதில்லை. உங்கள் சாலை 37 மி.மீட்டருக்குக் குறைவு என்றால் இந்த வேலையே மிச்சம்.

அகலமான சாலைக்கு இன்றைய விதி இது: வேகம் குறைந்த சாலையில் நடுக்கோடு 100 மி.மீ. அகலம், 2 மீட்டர் கோடு, 4 மீட்டர் இடைவெளி. 1:148ல் 0.7 மி.மீ. அகலம், 13.5 மி.மீ. கோடு, 27 மி.மீ. இடைவெளி. கோட்டைவிட இடைவெளி இருமடங்கு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டையும் சமமாகப் போட்டுவிடுகிறார்கள். தூய வெள்ளையும் வேண்டாம், வெளிர்ச்சாம்பல் கலந்த வெள்ளை எடுங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டி, கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் ஒற்றியெடுத்தால் பெயின்ட் டேப்பின் அடியில் கசியாது. காய்ந்ததும் டயர் கடக்கும் இடங்களில் அழிப்பானால் லேசாகத் தேய்த்து மங்கவிடுங்கள்.

கோடுகள் காலத்தையும் காட்டிக்கொடுக்கும். பிரிட்டனில் வாகனம் நிறுத்தத் தடைசெய்யும் மஞ்சள் கோடுகள் 1950களின் பின்பாதியில்தான் வந்தன. 1930களின் தெருவில் அவை இருக்கக் கூடாது. இன்று பார்க்கும் சாலைப் பலகைகளின் வடிவம் 1965 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கத் தளம் செய்கிறவர்களுக்கும் ஒரு குறிப்பு: அங்கே எதிரெதிர்ப் போக்குவரத்தைப் பிரிக்கும் நடுக்கோட்டை நாடெங்கும் மஞ்சளாக்கியது 1971ஆம் ஆண்டு விதிநூல்.

## லெவல் கிராசிங்

சாலையின் தோற்றம் ரயிலின் ஓட்டத்தோடு மோதும் ஒரே இடம் இது. தண்டவாளத்தின் தலை பலகையிலிருந்து 6 மி.மீ. உயரத்தில் இருந்தால், 20க்கு 1 சரிவில் சாலை 12 செ.மீ. தொலைவிலிருந்தே ஏறத் தொடங்க வேண்டும். கடைசி நேரத்தில் குப்பென்று ஏறவிட்டால் பேருந்தின் அடிப்பகுதி தட்டும்.

தண்டவாளங்களுக்கு நடுவே நிரப்பும் அட்டையோ பட்டியோ தண்டவாளத் தலையைவிட அரை மி.மீ. தாழ்ந்திருக்கட்டும். சமமாகவோ உயர்ந்தோ இருந்தால் தண்டவாளத்தைத் துடைக்கும்போதெல்லாம் சாலையின் பெயின்ட் உரிந்துகொண்டே வரும். ரயில் சக்கரத்தின் உள்விளிம்பு தண்டவாளத்தை ஒட்டி உள்பக்கமாக இறங்கி ஓடும். அதற்கு இரண்டு தண்டவாளங்களின் உள்பக்கத்திலும் சுமார் 1 மி.மீ. பள்ளம் விட வேண்டும். பட்டி பூசுகிறவர்கள், அது ஈரமாக இருக்கும்போதே ஒரு வேகனைக் கையால் அழுத்தி உருட்டினால் சக்கரமே தனக்கு வேண்டிய பள்ளத்தைக் கீறிக்கொள்ளும். காய்ந்தபின் அந்தப் பள்ளத்தைக் கத்தி முனையால் கொஞ்சம் அகலப்படுத்துங்கள். பெயின்ட் அடித்தபிறகும் அதே வேகனை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். எங்கேயும் ஏறி இறங்காமல் போனால் எஞ்சினை விடலாம்.